ஆறு மணி அபுஜா வண்டி

விண்ணப்பப் படிவத்தில் மொத்தம் முப்பத்தொரு கட்டங்கள். பெயர், சொந்த மாநிலம், அப்பாவின் சொந்த மாநிலம், எந்தச் சபை அல்லது எந்தப் பள்ளிவாசல், அங்கே பெரியவராக இருப்பவரின் கைபேசி எண் என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். பேருந்துக்கு கால அட்டவணை போடத் தெரியுமா என்று மட்டும் எங்கேயும் கேட்கவில்லை. அந்த வேலைக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

அபியோனா முப்பது கட்டங்களை நிரப்பிவிட்டாள். மிச்சம் இருந்தது பதினேழாவது: ஜீனோடைப்.

இபாதான் நகரத்தில் ஒருவனுக்குத் தன் கொள்ளுத் தாத்தாவின் பெயர் மறந்துபோகலாம், ஜீனோடைப், அதாவது ரத்தத்தின் மரபணு வகை, மறக்காது. ஏ.ஏ. என்றால் கல்யாணச் சந்தையில் முதல் தரம். ஏ.எஸ். என்றால் பாதகமில்லை, இன்னொரு ஏ.எஸ். மேல் காதல் வந்து எஸ்.எஸ். குழந்தை பிறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எஸ்.எஸ். என்றால் சிக்கிள் செல். உருண்டையாக இருக்க வேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துவிடும். குளிர் பட்டாலோ உடம்பில் தண்ணீர் குறைந்தாலோ ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு வழியை அடைக்கும். அப்போது எலும்புக்குள் உட்கார்ந்து யாரோ ஆணி அடிப்பது போல இருக்கும். அபியோனா எஸ்.எஸ். வயது முப்பத்தொன்பது. இவள் இருபத்தொன்றைத் தாண்ட மாட்டாள் என்று நாள் குறித்த டாக்டரின் இறுதிச் சடங்குக்குப் போய், வரிசையில் நின்று ஜொல்லோஃப் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"ஏ.எஸ்-னு எழுதிட்டுப் போடி" என்றாள் அவளுடைய அக்கா ரெமி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "அந்த முதலாளி என்ன, உன்னைக் கட்டிக்கவா போறான்? ஒரு எழுத்துதானே வித்தியாசம்."

"போன இடத்துல அப்படித்தானேக்கா எழுதினேன்."

"அதுக்கு என்ன இப்போ? ஆறு வருஷம் ஓடுச்சா இல்லையா?"

ஓடியது. எப்படி ஓடியது என்பதுதான் கதை. போன இடம் ஒரு பிஸ்கட் கம்பெனி. லாரிகளை எந்த ஊருக்கு எப்போது அனுப்புவது என்று திட்டம் போடுகிற வேலை. வலி வந்து படுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் விடுப்புக் கடிதத்தில் 'மலேரியா' என்று எழுதிக் கொடுத்தாள். இந்த ஊரில் மலேரியாவை யாரும் சந்தேகப்படுவதில்லை. தலைவலி, கடன் தொல்லை, மாமியார் வருகை எல்லாமே மலேரியாதான். ஆனால் ஆறு வருடத்தில் இருபத்தாறு மலேரியா என்றபோது நிர்வாகத்துக்கே மனம் கசிந்துவிட்டது. ஊழியர் நல நாளன்று மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, மேனேஜிங் டைரக்டர் நாற்பது நிமிடம் கொசுவைப் பற்றிப் பேசி, மருந்து தோய்த்த கொசுவலை ஒன்றை அபியோனாவின் கையில் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து ஆட்குறைப்பு வந்தது. கொசுவைக்கூட ஜெயிக்க முடியாதவள் என்று பட்டியலில் முதல் பெயராக அவளுடையதைப் போட்டார்கள்.

"அவங்க என்னை அனுப்பினது என் வியாதிக்காக இல்லக்கா. எனக்கு இல்லாத வியாதிக்காக" என்றாள் அபியோனா. பேனாவை எடுத்து, பதினேழாவது கட்டத்தில் எஸ்.எஸ். என்று எழுதினாள். கட்டம் சின்னது. எழுத்து வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது.

ரெமி இஸ்திரிப் பெட்டியைச் சத்தமாக வைத்தாள். "மூணு இடத்துல இதைப் பார்த்துட்டுத்தான் 'சொல்லி அனுப்பறோம்'னாங்க. இன்னும் யாரும் சொல்லியும் அனுப்பல, ஆளையும் அனுப்பல. இந்த மாசக் கடைசியோட உன் காப்பீட்டு அட்டை செத்துடும். அப்புறம் மாத்திரைக்கு எங்கடி போவ?"

"நாலாவது இடத்துக்குப் போவேன். சட்டையக் குடு, நேரமாச்சு."

அந்த நான்காவது இடம் விக்டரி சாரியட் டிரான்ஸ்போர்ட். பதினெட்டுப் பேருந்துகள், ஒரு முற்றம், ஒரு அலுவலகம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சீஃப். வாசலில் அவருடைய பெயர்ப் பலகை இரண்டு வரிக்கு நீண்டிருந்தது: சீஃப் டாக்டர் இன்ஜினியர் ஒயேகன்மி, ஜே.பி. சீஃப் பட்டம் ஒரு ராஜா கொடுத்தது. ஜே.பி. என்கிற கௌரவ நீதிபதிப் பட்டம் அரசாங்கம் கொடுத்தது. டாக்டர் பட்டம் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று தபாலில் கொடுத்தது. இன்ஜினியர் பட்டத்தை அவரே கொடுத்துக்கொண்டார். அதில் ஒன்றை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

இந்த ஊரில் ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதை அவருடைய அறைக்குள் நுழைந்தால் தோலே சொல்லிவிடும். குமாஸ்தாவுக்கு மின்விசிறி. மேனேஜருக்கு இருபத்து நான்கு டிகிரி. சீஃபின் அறையில் பதினாறு. இறைச்சிக் கடையில்கூட அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அபியோனா இதை எதிர்பார்த்து இரண்டு உள்ளாடை, கம்பளிச் சால்வை, பிளாஸ்கில் வெந்நீர் என்று மலையேறுகிறவள் மாதிரி வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் மூன்று அடுக்கு அக்பாடா அங்கிக்குள் சீஃப் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆள் எடுப்பைப் பார்த்துக்கொள்ளும் டீக்கனஸ் இயாபோ. டீக்கனஸ் என்பது சபையில் கொடுத்த பட்டம். அந்த அறையில் பட்டமில்லாமல் நாற்காலி கிடையாது. மேசைக்கு அடியில் அந்த அம்மாள் தன் கால்களைத் துண்டால் சுற்றி வைத்திருந்ததை அபியோனா கவனித்தாள்.

பெரியவர் முன்னால் பெண்கள் முழங்காலிட்டு வணங்க வேண்டும். அபியோனா இடுப்பைக் கொஞ்சம் வளைத்தாள், அவ்வளவுதான்.

சீஃபின் புருவம் எழுந்தது. "ஏம்மா, உங்க வீட்ல முழங்கால் போடச் சொல்லிக் குடுக்கலையா?"

"சொல்லிக் குடுத்தாங்க ஐயா. கீழ போறதுல எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல. மேல எழுப்பத்தான் ரெண்டு ஆள் வேணும். இடுப்பெலும்பு கொஞ்சம் பழுதாயிடுச்சு. பதினேழாவது கட்டத்துல எழுதியிருக்கேன்."

டீக்கனஸ் படிவத்தைப் புரட்டிப் பதினேழுக்கு வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு படிவத்தை சீஃப் பக்கம் மெதுவாக நகர்த்தினாள், சூடான தட்டை நகர்த்துவதுபோல.

சீஃப் பார்த்தார். உடனே கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் விரலைச் சொடுக்கினார். கெட்டது எதுவும் தன்மேல் ஒட்டக்கூடாது என்றால் இங்கே அப்படித்தான் செய்வார்கள். "இந்த கம்பெனியில வியாதிங்கற பேச்சுக்கே இடமில்ல. பத்து வருஷமா நான் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல!"

"ஆமென்" என்றாள் டீக்கனஸ், பழக்க தோஷத்தில்.

"வருஷத்துக்கு எத்தனை நாள் படுப்ப?"

"பன்னெண்டு, பதிமூணு நாள் ஐயா. போன இடத்துல ஆறு வருஷத்துக்குச் சேர்த்து எழுபத்துநாலு."

"எழுபத்துநாலு! டீக்கனஸ், கேட்டீங்களா? எழுபத்துநாலு நாள் வண்டியெல்லாம் முற்றத்துல நின்னு தூங்கியிருக்கும்."

"ஒரு வண்டியும் நிக்கல ஐயா." அபியோனா வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தாள். "எனக்கு எப்ப வலி வரும்னு எனக்கே தெரியாது. அதனால ரெண்டு வாரத்துக்கான திட்டத்தை முன்கூட்டியே எழுதி சுவத்துல ஒட்டிடுவேன். எந்த வண்டி, எந்த டிரைவர், வண்டி மக்கர் பண்ணினா எந்த மாத்து வண்டி, எல்லாம் அதுல இருக்கும். நான் இல்லாத நாள்ல கேட்டுக்கு வந்து பார்த்தீங்கன்னா, நான் இல்லைங்கறதே தெரியாது. உடம்பு நல்லா இருக்கிறவங்க நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுருவாங்க. எனக்கு அந்த வசதி இல்ல."

"பேச்சு நல்லா இருக்கு."

"உங்க ஆறு மணி அபுஜா வண்டிய மூணு நாள் காலைல வந்து பார்த்தேன் ஐயா. கேட்டுக்கு எதிர்ல அவிச்ச சோளம் விக்கிறவங்க பெஞ்சுல உக்காந்து. திங்கக்கிழமை ஏழு இருபத்தஞ்சுக்குக் கிளம்புச்சு. செவ்வாய் ஏழு நாப்பது. புதன் எட்டு அஞ்சு."

டீக்கனஸ் மேசையின் மரக்கோடுகளை ஆராயத் தொடங்கினாள்.

காரணம் அந்த முற்றத்தில் இருந்த கடைசிக் கூலியாள்வரை எல்லோருக்கும் தெரியும். சீஃப் வந்து ஒவ்வொரு வண்டியின் முகப்பிலும் கை வைத்து, ஆசி வழங்கி, அதைக் கைபேசியில் படம் பிடித்தால்தான் அது நகரும். பெரிய மனிதர் சொன்ன நேரத்துக்கு வந்தால் அவர் பெரிய மனிதரா? ஆகவே தினமும் அவருடைய பெருமை ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது. அதுவரை பதினான்கு பயணிகள் என்ஜின் புகையில் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்ல வர்ற?" என்றார் சீஃப்.

"நோயாளி நான் படுத்திருந்த எழுபத்துநாலு நாளும் ஒரு வண்டி எனக்காக நிக்கல. இங்க தினமும் காலைல ஆறு மணி வண்டி ஒரு ஆரோக்கியமான மனுஷருக்காக நிக்குது."

டீக்கனசுக்கு இருமல் வந்தது. அது உண்மையான இருமல்தானா என்பதற்கு சாட்சி இல்லை.

சீஃப் கத்துவார் என்று அபியோனா எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார். தன் கை படாமல் ஒரு டயர்கூட உருளாது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "சரிம்மா. நாளைக்கு அந்த வண்டிய நீயே அனுப்பு. ஆறுன்னா ஆறு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் இந்த கேட்டுப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது."

"போயிட்டா?"

"போயிட்டா வேலை உனக்கு."

"காப்பீடும் சேர்த்து, ஐயா. முதல் நாள்லேருந்து."

"டீக்கனஸ், எழுதிக்குங்க" என்றார் சீஃப், நடக்காத காரியத்தை எழுதுவதில் காகிதம் மட்டும்தானே நஷ்டம் என்கிற தாராளத்தோடு.

வெளியே வந்ததும் அபியோனா டீக்கனஸிடம் மறுநாள் பயணிகள் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். மாலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து பதினான்கு பேருக்கும் போன் போட்டாள். நாளை வண்டி ஆறுக்குக் கிளம்பும் என்றதும் ஐந்து பேர் சிரித்தார்கள். ஒருவர், "யாரும்மா நீ, புதுசா?" என்று பரிவோடு கேட்டார். இன்னொருவர் தான் ஒரு பேராசிரியர் என்றும் ஏழு மணிக்கு முன்னால் எங்கேயும் வந்து பழக்கமில்லை என்றும் தெரிவித்தார். "வண்டிக்கு அது தெரியாது சார்" என்றாள் அபியோனா. "ஆறு மணிக்கு உங்க சீட்டு மட்டும் போகும்."

மறுநாள் விடிவதற்கு முன் ஹர்மட்டான் காற்று வந்து இறங்கியது. சஹாராவின் புழுதியையும் குளிரையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிற காற்று. அபியோனா கண் விழித்தபோது இடது முழங்காலுக்குக் கீழே ஆணி அடிப்பவன் வேலையைத் தொடங்கியிருந்தான்.

ரெமி விளக்கைப் போட்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு?"

"பத்துக்கு நாலு."

"பொய் சொல்லாத."

"நாலுதான்க்கா. ஏழு ஆனா ஆஸ்பத்திரி. நாலுன்னா வேலை."

"உனக்கு வலிக்குக்கூட கால அட்டவணை!" ரெமி திட்டிக்கொண்டே வெந்நீர்ப் பையை நிரப்பினாள். மாத்திரை, கம்பளிக் காலுறை, இரண்டு ஸ்வெட்டர், ஒன்றரை லிட்டர் தண்ணீர். தன் பழைய கொரோலாவில் அவளைக் கொண்டுபோய் ஐந்தரைக்கு முற்றத்தில் இறக்கிவிட்டு, தானும் இறங்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து, கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் போட்டாள். "உக்காந்தே அதிகாரம் பண்ணு. எழுந்தா காலை உடைப்பேன்."

அபியோனா உட்கார்ந்தே பார்த்தாள். ஐந்து ஐம்பதுக்குள் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பேராசிரியர், பல் தேய்க்காத கோபத்தோடு வந்து ஏறினார்.

டிரைவர் சிகிரு மட்டும் வண்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். இருபது வருடம் ஓட்டியவர். நெற்றியில் தொழுகைத் தழும்பு.

"மேடம், என்னைத் தப்பா நெனைக்காதீங்க. ஓகா, அதான் நம்ம சீஃப், கை வைக்காம நான் எடுக்க மாட்டேன். வழியில ஏதாவது ஆச்சுன்னா, கை வைக்காததாலதான்னு என் தலையில கட்டிருவாங்க."

"பிரேக் பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தாச்சு."

"டயர்?"

"போன வாரம் மாத்தினது."

"டீசல்?"

"ஃபுல்லு."

"ஓகா கை வைக்கிறப்ப இதுல எதைப் பார்ப்பாரு?"

சிகிரு யோசித்தார். "கேமராவ" என்றார்.

"அப்ப மிச்சம் இருக்கிறது பிரார்த்தனைதான். அதுக்கு உள்ள பதினாலு பேர் இருக்காங்க." அவள் நாற்காலியில் இருந்தபடியே திறந்திருந்த கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஐயா, அம்மா! கிளம்பறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் ஜெபம் பண்ணுங்க!"

கேட்டிருக்கக் கூடாது. ஆறு கைகள் உயர்ந்தன. முன் இருக்கையில் இருந்த கோட்டுப் போதகர் கை உயர்த்துகிற சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நேராக எழுந்து, தொண்டையைச் செருமி, ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிற தோரணையில் கண்களை மூடினார். மணி ஐந்து ஐம்பத்தைந்து. இவர் ஆமென் சொல்லும்போது வண்டி அபுஜாவில் இருக்க வேண்டிய நேரம் ஆகிவிடும். கிளம்பியிருந்தால்.

அபியோனா ஜன்னல்களை வேகமாக மேய்ந்தாள். பின் வரிசையில் மடியில் கூடையோடு ஒரு பெண், தன் கைபேசியில் மணியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"கூடை வச்சிருக்கிற அம்மா! நீங்க எங்க போறீங்க?"

"லொக்கோஜா. மிளகா கொண்டுபோறேன். பன்னெண்டு மணிக்குமேல போனா சந்தையில பாதி விலைதான் கேப்பாளுங்க."

"ஐயா போதகரே, மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு அந்தம்மா பண்ணட்டும்."

போதகர் ஒரு கண்ணைத் திறந்தார். மிளகாய்க்காரி கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்களை ஏத்தின மாதிரியே முழுசா இறக்கி விடும். ரோட்டுப் பள்ளத்தையெல்லாம் டிரைவர் கண்ணுக்குக் காட்டும். போலீஸ் கண்ணுக்கு எங்களைக் காட்டாதேயும். ஆமென்."

"ஆமென்!" என்று வண்டி முழுக்க அதிர்ந்தது. அவ்வளவு மனமார்ந்த ஆமென் அந்த முற்றத்தில் அதற்கு முன் எழுந்ததில்லை. சிகிரு தம் பங்குக்கு பிஸ்மில்லா சொல்லி, அபியோனாவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார். வண்டியின் பின்பக்கம் கேட்டைத் தாண்டியபோது வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். மணி ஆறு. கேட்டருகில் நின்றிருந்த டீக்கனஸ் தன் நோட்டில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு சீஃபின் ஜீப் வந்தது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஒருத்தி தோற்பதைப் பார்க்கும் ஆசை அவரைப் படுக்கையிலிருந்து கிளப்பியிருந்தது. நீல அக்பாடா, பவளமாலை, பின்னால் கைபேசியை நீட்டியபடி படமெடுக்கும் ஆள். அபுஜா வண்டி நிற்கிற இடத்துக்கு நேராக நடந்து, பழக்கத்தில் கையை உயர்த்தி, அது வெறும் காற்றில் நிற்பதைக் கண்டு இறக்கினார்.

"வண்டி எங்க?"

"இப்பத்தான் போன் பண்ணேன் ஐயா. இக்கிரே தாண்டிடுச்சாம்" என்றாள் டீக்கனஸ்.

"யாரு ஜெபம் பண்ணது?"

"மிளகா விக்கிற ஒரு அம்மா" என்றாள் அபியோனா நாற்காலியிலிருந்து.

சீஃப் குரலைத் தாழ்த்தினார். "என் பேரைச் சொன்னாங்களா?"

"இல்ல ஐயா. பள்ளத்தைப் பத்திச் சொன்னாங்க."

பெரிய மனிதர்கள் விழுவதில்லை. விழுந்த இடத்தில் ஒரு மேடை கட்டிக்கொள்கிறார்கள். அடுத்து நின்ற ஆறே முக்கால் இலோரின் வண்டிக்கு முன்னால் போய், பயணிகளைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். கைபேசி படம் பிடிக்கத் தொடங்கியது.

"சகோதர சகோதரிகளே! நேரம் என்பது தெய்வம். இன்று முதல் நமது வண்டிகள் குறித்த நிமிடத்தில் புறப்படும். பல இரவுகள் உறங்காமல் நான் கண்ட கனவு இது!"

பயணிகள் கைதட்டினார்கள். அபியோனாவும் தட்டினாள். கனவு யாருடையதாக இருந்தால் என்ன, காப்பீட்டு அட்டை அவள் பெயரில் வந்தால் சரி. கால் இப்போது ஐந்தில் இருந்தது. இனி இங்கே உட்கார்ந்திருப்பது வீரம் இல்லை, முட்டாள்தனம். டீக்கனஸைக் கூப்பிட்டு, முந்தின நாளே அவளிடம் கேட்டு எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தாள்.

"ஐயா" என்றாள், சீஃப் மூச்சு வாங்கிய இடைவெளியில். "எனக்கு வலி கூடுது. வீட்டுக்குப் போய்ப் படுக்கப் போறேன். நாளைக்கும் வரமாட்டேன்னு நெனைக்கிறேன்."

"சேர்ந்த அன்னிக்கே லீவா?"

"எனக்குத்தான் ஐயா. வண்டிக்கு இல்ல. ரெண்டு வாரத்துக்கு எழுதியிருக்கேன். நாளைக்கு முதல் வண்டிய சிகிரு அண்ணனோட தம்பி எடுப்பாரு, மக்கர் பண்ணினா மாத்து வண்டியும் போட்டிருக்கேன். டீக்கனசுக்கு எல்லாம் தெரியும்."

சீஃப் தாளைப் பிடுங்கி, தூரத்தில் நீட்டிப் படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. அவர் என்ன தேடுகிறார் என்பது முற்றத்துக்கே தெரிந்தது.

"இதுல நான் எங்க?"

"ஒன்பதாவது வரி. ஒன்பதரை லாகோஸ் வண்டி. ஒன்பது இருபதுலேருந்து ஒன்பது இருபத்தெட்டு வரைக்கும் உங்க ஆசி."

"எட்டு நிமிஷமா!"

"நான் ஏழுதான் போட்டேன். டீக்கனஸ்தான் ஒண்ணு கூட்டச் சொன்னாங்க."

டீக்கனஸ் இந்த முறை இருமவில்லை. சீஃப் பெரிதாகச் சொல்ல ஏதோ ஒன்றைத் தொண்டைவரை கொண்டுவந்தார். அதற்குள் முதுகுக்குப் பின்னால் இலோரின் வண்டியின் ஹாரன் ஒருமுறை, மரியாதையாக, பீப் என்றது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஆறு நாப்பத்துநாலு ஐயா" என்றாள் அபியோனா. "நீங்க வண்டிக்கு முன்னால நிக்கிறீங்க."

சீஃப் டாக்டர் இன்ஜினியர் ஒயேகன்மி, ஜே.பி., அக்பாடாவை இரண்டு கையாலும் வாரிச் சுருட்டிக்கொண்டு, ஓர் ஓரமாக மூன்று அடி நகர்ந்தார். வண்டி உருண்டது. புழுதி அடங்கியபின் தும்மினார்.

"அந்த நியமனக் கடிதத்தை அடிச்சு, இந்தம்மா வீட்டுக்கே அனுப்பிடுங்க டீக்கனஸ்" என்றார், யாரையும் பார்க்காமல். "பட்டத்தையெல்லாம் விட்டுடாம என் பேரைப் போடுங்க."

"காப்பீட்டுப் படிவமும் ஐயா" என்றாள் டீக்கனஸ்.

"அதையும்தான்" என்று சொல்லிவிட்டு, ஒன்பது இருபதுவரை என்ன செய்வது என்று தெரியாதவராக, முற்றத்தின் நடுவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரெமி காரைப் பின்னால் எடுத்துவந்து கதவைத் திறந்துவிட்டாள்.